நிரம்பும் நேரம்

மின்வெட்டு அட்டவணையில் நாங்கள் பதினான்காம் தொகுதி:
சாட்ஸ்வொர்த்தில் ஒரு மேட்டுத் தெரு,
ஒரு ரொட்டிக்கடை, ஒரு மசூதி, டயர் மாற்றும் கொட்டகை,
மூன்றாம் மாடியில் எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடம்.

கணக்கு என்னுடையது. மறைக்க மாட்டேன்.
சர்வர்கள், சேமிப்பகம்,
பச்சைக் கண் சிமிட்டும் அந்தச் சின்ன சுவிட்ச்,
எல்லாம் சேர்ந்து தொள்ளாயிரம் வாட்.
இரண்டரை மணி நேர இருட்டுக்கு
இரண்டாயிரத்து இருநூற்றைம்பது.
இன்வெர்ட்டர் தின்னும் பங்கையும் சேர்த்தால்
இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது,
ஆகவே அதுவும் இரட்டிப்பு.
நூற்றைந்து ஆம்பியரில் நான்கு.

மோர்கன் நாயக்கர் தோளில் சுமந்து படியேறினார்;
அன்று லிஃப்டுக்கும் மின்சாரம் இல்லை.
திருப்பத்துக்குத் திருப்பம் "முருகா" என்றார்.
உங்களை நீங்களே கூப்பிடுகிறீர்களா என்றேன்.
முப்பது கிலோவை இறக்கி வைத்த பிறகுதான்
அவருக்குச் சிரிக்க முடிந்தது.

"இரண்டரை மணி நேரம்" என்றேன் டாக்டர் படையாச்சியிடம்,
கடன் தீர்த்தவள் குரலில்.

ஆறாம் கட்டம் அறிவித்த செவ்வாய்க்கிழமை
முதல் வெட்டைத் தாங்கியது.
இரண்டாவதையும், கொஞ்சம் முனகலோடு.
மூன்றாவதில், நாற்பதாம் நிமிடம்,
எல்லாம் ஒரே நொடியில் வாயடைத்தன.
விசிறிகளின் இரைச்சல் நின்றபோதுதான்
அது இத்தனை நாள் இரைந்தது தெரிந்தது.

சிதைந்த தரவுத்தளத்தைத் தைத்து எழுப்புவதற்குள் விடிந்துவிட்டது.
எழுபத்தொரு குழாய்களுக்கு ருவாஷ்னி
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் சீட்டு எழுதினாள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

வடிவதைக் கணக்கிட்டிருந்தேன்.
நிரம்புவதை மறந்திருந்தேன்.
ஆறு மணி நேரம் கேட்கும் சார்ஜருக்கு
நாடு கொடுத்தது நான்கு.
இறைத்த கிணறு ஊறும் என்பார்கள்;
எத்தனை மணிக்குள் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

இன்னும் நான்கு வாங்கப் பணமில்லை.
அதனால் ஒரு தாளில், எது முதலில் அணைய வேண்டும் என்று
எழுத உட்கார்ந்தேன்.
பில் போடும் சர்வர் கடைசிவரை இருக்கட்டும் என்றார் டாக்டர்.
நான் அதை முதல் வரியில் எழுதினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்;
திரும்பப் போடாமலே கையெழுத்திட்டார்.

இரண்டாம் வரி, கேமராப் பதிவு.
காவலர் ம்தோகோசிசி எட்டிப் பார்த்து,
"அப்போ இருட்டில் கேமரா நான்தானா" என்றார்.
சம்பளத்தில் அது சேருமா என்றும் கேட்டார்.
பிறகு பழைய கோப்புகள்.
பரிசோதனை முடிவுகள் மட்டும் ஐம்பது சதவீதம் வரை.
அங்கே அதுவும்
எழுதியதை எழுதி முடித்து, கதவைச் சாத்தி,
தானே கண்ணயர வேண்டும்.
விழுவதற்கும் படுப்பதற்கும் நடுவே
பன்னிரண்டு வரி நிரல். மூன்று இரவுகள் ஆயிற்று எனக்கு.

நேற்று நள்ளிரவு தாண்டி மூன்றாம் வெட்டு.
யூபிஎஸ் விடாமல் கூவியது.
ஐம்பத்து மூன்றில், மருத்துவமனையிலிருந்து வந்த
ஒரு பொட்டாசிய அளவு போய்ச் சேர்ந்தது.
யாருடையது என்று நான் பார்ப்பதில்லை.
ஐம்பத்தொன்று.
ஐம்பது.
பச்சைக் கண்கள் ஒவ்வொன்றாக மூடின,
அவசரமில்லாமல், நான் எழுதிய வரிசையில்.

கையில் டார்ச்சோடு நின்ற ம்தோகோசிசி
இயந்திர அடுக்கைப் பார்த்து, தாழ்ந்த குரலில்,
"லலானி காஷ்லே" என்றார்.
நன்றாகத் தூங்குங்கள்.
கீழே ரொட்டிக்கடையின் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் என் கையெழுத்து கோணலாக இருக்கிறது:
மூன்று பத்துக்கு மின்சாரம் வந்தது.
பேட்டரி ஐம்பது.
அடுத்த வெட்டு ஏழு மணிக்கு.
பில் சர்வரை எழுப்பவில்லை.
ஊறட்டும்.